ஃபியூஸ் மாற்றியும் வெடிக்கிறதா? பழைய டிவியின் பவர் சப்ளையில் எதைப் பார்ப்பது

கேள்வி: 21 அங்குல பிக்சர் டியூப் டிவி திடீரென நின்றுவிட்டது. சிவப்பு விளக்கும் எரியவில்லை. ஃபியூஸ் மாற்றி சுவிட்சைப் போட்டதும் 'பட்' என்று அதுவும் போய்விட்டது. கண்ணாடி உள்ளே கறுத்திருக்கிறது. அடுத்து என்ன செய்வது?

பதில்: மூன்றாவது ஃபியூஸைப் போடாதீர்கள். கறுத்த கண்ணாடி ஏற்கெனவே பாதி விடை சொல்லிவிட்டது. கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், கரண்ட் சற்றுக் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கறுத்திருந்தாலோ, உள்ளே வெள்ளி பூசியதுபோல் இருந்தாலோ முழு ஷார்ட். அதுவும் பவர் சப்ளையின் முதல் பாதியில்தான். திரையில் படக்கோடுகளை ஓட்டும் லைன் அவுட்புட் பகுதியின் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் பெரும்பாலும் தாங்கிவிடும். செட் 'டிக் டிக்' என்று கிளம்பிக் கிளம்பி நிற்கும்.

போர்டில் கை வைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை அதன் இரு கால்களுக்கும் குறுக்கே, வெறுங்கை படாமல் ஐந்து விநாடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொடுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் ஆபத்தானது. பிக்சர் டியூபின் மேலுள்ள ரப்பர் மூடிப் பக்கம் போகவே வேண்டாம். அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

முதலில் டீகாஸிங் காயிலுக்கு (பிக்சர் டியூபில் ஏறும் காந்தத்தை நீக்கும் சுருள்) போகும் மூன்று கால் போசிஸ்டரை (சூடானால் கரண்டைக் குறைக்கும் பாகம்) கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே வில்லை உடைந்து கலகலத்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. அது இல்லாமலும் டிவி ஓடும். நாளடைவில் திரையில் நிறத் திட்டுகள் மட்டும் வரும்.

அடுத்து, ஏசியை டிசியாக்கும் நான்கு பிரிட்ஜ் டயோடுகள். மீட்டரின் டயோடு மோடில் ஒரு திசையில் 0.5 முதல் 0.6 வரை காட்டி, மறு திசையில் ஒன்றும் காட்டாமல் இருக்க வேண்டும். இரு பக்கமும் பீப் வந்தால் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பக்கத்திலுள்ள சிறு செராமிக் கெப்பாசிட்டரும் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒன்று போயிருந்தாலும் நான்கையும் 1என்5408 ஆக மாற்றிவிடுவது நல்லது.

டயோடுகள் சரியென்றால், ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு) இருக்கும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் (சில செட்களில் ஐசி). கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டினால் போய்விட்டது. பலர் சறுக்கும் இடம் இதுதான். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு சுவிட்சைப் போடுவார்கள். புதியதும் நொடியில் போய்விடும். அது போகும்போது எமிட்டரிலுள்ள 1 ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டரையும், அதை இயக்கும் டிரைவ் பகுதியின் சின்ன டிரான்சிஸ்டர்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். போனதற்கான காரணமோ பல நேரம் ஹீட்சிங்கை ஒட்டிச் சூட்டிலேயே நிற்கும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். வெளியே உப்பாமலே உள்ளே உலர்ந்திருக்கும். அந்தக் கெப்பாசிட்டர்களைச் சோதிக்காமலே மாற்றுங்கள். 105 டிகிரி வகையாக இருக்கட்டும்.

இனி சோதனை. ஃபியூஸ் இடத்தில் 100 வாட் இழை பல்பை சீரிஸாக இணையுங்கள்; எல்இடி பல்பு உதவாது. லைன் அவுட்புட் பகுதிக்குப் போகும் பி-பிளஸ் (பவர் சப்ளை தரும் முக்கிய டிசி வோல்ட்டேஜ்) இணைப்பைத் துண்டித்து, பவர் சப்ளைப் பக்கத்து பி-பிளஸ் முனைக்கும் செகண்டரி (டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பாலுள்ள பகுதி) கிரவுண்டுக்கும் இடையே 60 வாட் பல்பை லோடாகப் போடுங்கள். சீரிஸ் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் தீர்ந்தது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள்; ஷார்ட் இன்னும் இருக்கிறது.

அளக்கும்போது கிரவுண்டை மாற்றிப் பிடிக்காதீர்கள். பிரைமரி (மெயின்ஸோடு நேரடியாக இணைந்த முதல் பாதி) அளவுக்கு மீட்டரின் கறுப்பு வயர் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸில்; செகண்டரிக்கு டியூனர் தகட்டில். 230 வோல்ட் மின்சாரத்தில் பெரிய கெப்பாசிட்டரில் 300 முதல் 325 வரை வர வேண்டும். சீரிஸ் பல்பு இருப்பதால் சற்றுக் குறையலாம். பி-பிளஸ் எவ்வளவு என்று பெரும்பாலும் போர்டிலேயே அச்சிட்டிருக்கும், 110 அல்லது 115 என்று. அதற்கு மேல் 10 வோல்ட் கூடினாலும் லைன் பகுதியை இணைக்காதீர்கள். வோல்ட்டேஜ் அளவைச் செகண்டரியிலிருந்து பிரைமரிக்கு ஒளி மூலம் தெரிவிக்கும் ஆப்டோகப்ளர் பக்கம் ஃபீட்பேக் அறுந்திருக்கிறது.

எல்லாம் சரியானதும் போர்டில் எழுதியுள்ள அதே ஆம்பியரில், 'T' எழுத்துள்ள ஸ்லோ ஃபியூஸ் போடுங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு பி-பிளஸை மறுபடி அளங்கள். சூடேறச் சூடேற எண் நகர்ந்தால் உலர்ந்த கெப்பாசிட்டர் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.