ஹவுஸ் எல்ஃப்ங்க எப்படி அடிமையானாங்க?
ஹாரி பாட்டர் கதைல மந்திரவாதிங்க வீட்டுல வேலை செய்யுற குட்டி மாயப் பிராணிங்க தான் ஹவுஸ் எல்ஃப்ங்க; அவங்க எப்படி அடிமையானாங்க, போர்ல தோத்தாங்களா, புக்ல நான் எதையாச்சும் மிஸ் பண்ணிட்டேனான்னு கேட்டிருந்தீங்க. நீங்க எதையும் மிஸ் பண்ணல ப்ரோ, ஹாரி பாட்டர் 7 புக்லயும் அவங்க எப்படி அடிமையானாங்கன்னு சொல்லவே இல்ல, அதனால உங்க ஃபேன் ஃபிக்ஷன்ல தாராளமா எழுதலாம். ஆனா நீங்க கேட்ட "போர்ல தோத்தாங்க" தியரி எனக்கு ஒட்டல, ஏன்னா ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளிக்கு உள்ள மந்திரவாதிங்களே அப்பரேட் ஆக (ஒரு இடத்துல மறைஞ்சு இன்னொரு இடத்துல தோன்ற) முடியாது, ஆனா டாபிங்கிற எல்ஃப் சாதாரணமா அப்படி வந்து போறான், வில்லன் வோல்டமோர்ட் குகைல சாக விட்டுட்டுப் போன க்ரீச்சர்ங்கிற எல்ஃபும் அப்படித்தான் தப்பிச்சான். இவ்ளோ பலம் இருக்கவங்க ஏதோ வாக்கு குடுத்து மாட்டிக்கிட்டாங்கன்னு தான் தோணுது. ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைங்கள்ல ப்ரௌனின்னு ஒண்ணு வரும், ராத்திரி வீட்டு வேலை செய்யும், துணி குடுத்தா கிளம்பிடும், ஆனா அது தானா வந்தது, அடிமை இல்ல. அங்கிருந்து ஆரம்பிங்க. விங்கிங்கிற எல்ஃப் விடுதலை ஆனதுக்கு அழுதத வெச்சு "அவங்களுக்கு அடிமையா இருக்கப் பிடிக்கும்"னு மட்டும் எழுதிடாதீங்க, ப்ளீஸ்.