முதல் ஆண்டு எண்களை வைத்து பிரைஸ் யங்கை எடைபோடலாமா?

எடைபோட முடியாது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-ல், 2023ல் கரோலினா அணியின் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) யங் வீசியது 11 டச்டவுன் (புள்ளி தரும் வீச்சு), 10 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட வீச்சு). அதே டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) அடுத்து எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ஸ்ட்ரவுட் 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். அப்படியானால் கரோலினா ஆளை மாற்றி எடுத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்களில் சுற்றி நின்றவர்களின் கணக்கும் கலந்திருக்கிறது.

முக்கியக் காரணம், குவார்ட்டர்பேக்கை எதிராளிகளிடமிருந்து காக்கும் முன்வரிசை என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு யங்கை, பந்தை வீசுவதற்கு முன்பே, எதிரணியினர் 62 முறை சாய்த்தார்கள். அவரை எடுப்பதற்காகவே நல்ல ரிசீவரான (வீசும் பந்தைப் பிடிப்பவர்) டி.ஜே. மூரை சிகாகோ அணிக்குக் கொடுத்திருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளரும் 11 ஆட்டத்தோடு போய்விட்டார். பாவம், 22 வயதுப் பையன் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

இன்னொரு குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபைப் பாருங்கள். 2016ல் தொடங்கிய 7 ஆட்டமும் தோல்வி. அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார், முன்வரிசையின் இடது டாக்கிள் இடத்துக்கு ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார். அதே காஃப் 28 டச்டவுன் வீசினார்.

ஒன்று செய்து பாருங்கள். யங்கின் ஏதாவது ஒரு ஆட்டத்தின் மூன்றாம் டவுன்களை (பந்தை 10 யார்டு நகர்த்தக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) மட்டும் ஓடவிட்டு, அவர் பின்வாங்கிப் பின்காலை ஊன்றும் நொடியில் நிறுத்துங்கள். ரிசீவர் யாராவது தடுக்க ஆளில்லாமல் ஓடுகிறாரா? எதிராளி அதற்குள் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டாரா? இரண்டையும் குறித்துக்கொண்டு, அப்புறம் பந்து எங்கே போனது என்று பாருங்கள்.

ஆனால் அவர் சாய்க்கப்படும் ஒவ்வொரு தடவையும் அது முன்வரிசையின் தவறு என்று சொல்ல முடியாது. வீச இடம் கிடைத்தும் பந்தை வைத்துக்கொண்டு நின்றால் அது குவார்ட்டர்பேக் கணக்குதான்.