நூறு ரூபாயில் ஏறிய இரண்டாயிரம்: விடுமுறைப் பதிவு, கேள்வி-பதில்

கேள்வி: மே மாதம் குடும்பமாக 4 பேர் ஊட்டி போகிறோம். செயலியில் ஒரு நாளைக்கு ரூ.7,600 என்று காட்டிய பெரிய அறையை 2 இரவுக்குத் தேர்ந்தெடுத்தேன். பணம் கட்டும் பக்கத்தில் ரூ.17,936 கேட்கிறது. இது ஏமாற்று வேலையா?
வாசகி, மதுரை

பதில்: இல்லை, அது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறையின் ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை இருந்தால் வரி 5%. அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் முழு வாடகைக்கும் 18%. உங்கள் அறை வெறும் நூறு ரூபாயில் மேல் படிக்கு ஏறிவிட்டது. 2 இரவு வாடகை ரூ.15,200-க்கு வரி மட்டும் ரூ.2,736. அதே அறை ரூ.7,500-க்குக் கிடைத்தால் வரி ரூ.750, மொத்தம் ரூ.15,750. வாடகையில் நாளுக்கு நூறு இறங்கினால் உங்களுக்கு ரூ.2,186 மிச்சம்.

அதனால் இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் எண்ணை நம்ப வேண்டாம், அதில் போலிகள் உண்டு. "நேரடியாகப் பதிவு செய்கிறோம், வரிக்கு முன் 7,500-க்குள் தர முடியுமா?" என்று கேளுங்கள். செயலிக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் மிச்சமாவதால் பல ஹோட்டல்கள் இறங்கி வரும். ஒத்துக்கொண்டால் தேதி, அறை வகை, வரியோடு மொத்தத் தொகை, காலை உணவு உண்டா, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் ஆகிய ஐந்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம். அதுவும் ஹோட்டல் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும். தனிநபர் யூபிஐக்கு வேண்டாம்.

இன்னொரு வழி, இரண்டு அறை. ரூ.4,000 வாடகையில் இரண்டு அறை எடுத்தால் நாளுக்கு 8,000, வரி 400, ஆக 8,400. உங்கள் ஒற்றை அறையோ வரியோடு 8,968. இரண்டு குளியலறை கிடைத்தும் செலவு குறைவு! வரி ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதுதான் காரணம். இதே காரணத்தால், 7,000 ரூபாய் அறையில் 800 ரூபாய்க்குக் கூடுதல் மெத்தை போட்டால் 18% வரிக்குள் போய்விடுவீர்கள். மெத்தைக் கட்டணமும் வாடகையோடு சேரும்.

சொந்தக் காரில் போவதாக இருந்தால் முதலில் இ-பாஸ் (வாகனத்துக்கான இணைய அனுமதிச் சீட்டு), பிறகு அறை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இ-பாஸ் இலவசம். "எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். வார இறுதியை விட்டு ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் வாடகையே இறங்கும். மலர்க் கண்காட்சி நாட்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: 60 நாள் முன்பதிவை நாள் எண்ணிப் பார்த்துத்தான் திறந்தேன். திருச்சியில் ஏறி சென்னை போக வேண்டும். அதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸில் காத்திருப்புப் பட்டியல் வந்துவிட்டது. எங்கே தவறினேன்?
வாசகர், திருச்சி

பதில்: நாள் எண்ணும் இடத்தில். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாள். பயண நாள் இதில் சேராது. ஆனால் கணக்கு, ரயில் முதல் நிலையத்தில் கிளம்பும் தேதியிலிருந்து. அந்த ரயில் திருநெல்வேலியில் இரவு கிளம்பி, நள்ளிரவு தாண்டித்தான் திருச்சிக்கு வருகிறது. டிசம்பர் 25 அதிகாலை நீங்கள் ஏறுகிறீர்கள் என்றால், ரயில் கிளம்பியது 24-ம் தேதி. பதிவு திறப்பது அக்டோபர் 25 காலை 8 மணி. நீங்கள் 26-ம் தேதி உட்கார்ந்திருப்பீர்கள். தேதி போடும்போதும் கவனம்: 24-ம் தேதி இரவு வீட்டிலிருந்து கிளம்புபவர் டிக்கெட்டில் 25 என்று இருக்க வேண்டும். 24 என்று போட்டுவிட்டு, முதல் நாளே போய்விட்ட ரயிலுக்காக நிலையத்தில் நிற்பவர்கள் இன்றும் உண்டு.

ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்பே சரிபார்த்து வையுங்கள்; பதிவு திறக்கும் நாளில் இணையப் பதிவு அப்படிப்பட்ட கணக்குகளுக்கு மட்டும்தான். பயணிகள் பட்டியலையும் அதில் முன்கூட்டியே சேமித்துவிடுங்கள். யூபிஐ-யில் கட்டினால் சேவைக் கட்டணம் கார்டைவிடக் குறைவு. அது ஆளுக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. ஒரே டிக்கெட்டில் 6 பேர் வரை போடலாம். 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. ஸ்லீப்பரில் 5 முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்.

கேள்வி: காய்ச்சலால் டெல்லி விமானத்தில் போக முடியவில்லை. சலுகை டிக்கெட், ஒரு பைசா திரும்பாது என்கிறார் ஏஜென்ட். அப்படியா?
வாசகர், கோவை

பதில்: அப்படியில்லை. சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், நீங்கள் ரத்து செய்யாமலே விட்டிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. இ-டிக்கெட்டின் கீழே கட்டண விவரம் இருக்கும். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் அவர்களுக்கு. மற்ற வரிகளுக்கு நீங்கள் உரிமை கோரலாம். பிஎன்ஆர் எண்ணோடு நிறுவனத்துக்கே எழுதுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணம் பிடிக்கவும் கூடாது. ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம்.

அடுத்த முறைக்கு ஒன்று: உள்நாட்டுப் பயணத்துக்கு 7 நாளுக்கு மேல் இருக்கும்போது நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்கினால், 48 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் 24 மணி நேரத்துக்குள் இலவசமாகத் திருத்தலாம். வாங்கிய அன்று இரவே டிக்கெட்டைத் திறந்து பெயரையும் தேதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: மாலில் கூப்பன் நிரப்பியதற்குப் பரிசு என்று தம்பதியாக அழைத்தார்கள். ரூ.1,50,000 கட்டினால் 10 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 6 இரவு அவர்கள் விடுதிகளில் தங்கலாமாம். பராமரிப்பு ஆண்டுக்கு ரூ.9,000. இன்றே சேர்ந்தால்தான் இந்த விலையாம். சேரலாமா?
வாசகி, சென்னை

பதில்: சேர வேண்டாம். அவர்கள் சொன்ன எண்களையே வகுத்துப் பாருங்கள். 1,50,000-ஐ 60 இரவால் வகுத்தால் ஓர் இரவு 2,500. பராமரிப்பில் இரவுக்கு 1,500. ஆக 4,000 ரூபாய், அதுவும் ஓர் ஆண்டுகூட விடாமல் 6 இரவும் போனால். 3 இரவு மட்டும் போன ஆண்டில் இது இரட்டிப்பு. போகாத ஆண்டிலும் பராமரிப்பு கட்ட வேண்டும். பள்ளி விடுமுறையில் அறை கேட்டால் "காலியில்லை" என்ற பதிலுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கும். வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் இருக்காது.

"ஒப்பந்த நகலைக் கொடுங்கள், வீட்டில் படித்துவிட்டு நாளை வருகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். கார்டை மேசைமேல் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள், ரத்து கோரி அன்றைக்கே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணம் இல்லை. பரிசுக் கூப்பன், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.