ஊருக்குள் இரண்டே முக்கால் சென்ட்டா, வெளியே பத்து சென்ட்டா?

கேள்வி: காரைக்குடிக்குள் 30-க்கு 40 அடியில் பழைய மனை ஒன்று வருகிறது. அதே விலைக்கு 8 கி.மீ. தள்ளி லேஅவுட்டில் பத்து சென்ட் கிடைக்கிறது. மரம் வைத்து வாழலாம். சுற்றுச்சூழலுக்கும் அதுதானே நல்லது?

பதில்: ஊருக்குள் இருப்பதையே வாங்குங்கள். வீட்டில் இரண்டு பைக், ஒவ்வொன்றும் தினம் இரண்டு முறை ஊருக்குள் வந்து திரும்பினால் 64 கி.மீ. ஆண்டுக்கு 300 நாள், லிட்டருக்கு 45 கி.மீ. என்றால் 427 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் சுமார் 980 கிலோ கரியமில வாயு. கடைகண்ணிக்கு ஒன்றரை கி.மீ.க்குள் குடியிருந்தால் அத்தனை முறை போய்வர 184 கிலோதான். அதிலும் பாதி நடந்தே முடியும். மிச்சமாகும் 800 கிலோவை, வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ உறிஞ்சும் என்று வைத்தாலும், 40 மரங்கள்தான் ஈடுகட்டும். வீடும் கட்டி 40 பெரிய மரமும் வைக்கப் பத்து சென்ட் போதாது. சோலார் போடுவேன் என்பீர்கள். அதை ஊருக்குள் மாடியிலும் போடலாம்.

சாலையையும் கணக்கில் சேருங்கள். 30 அடி முகப்புள்ள 100 மனைகள் இரு பக்கமும் அமைந்தால், 30 அடிச் சாலைக்கு 45,000 சதுர அடி மண் மூடப்படும். நூறும் வீடானால் வீட்டுக்கு 450 சதுர அடி. பத்து வீடுதான் எழும்பியது என்றால் 4,500. குழாய், மின்கம்பி, குப்பை வண்டி எல்லாம் இப்படித்தான்.

நெருக்கம் என்றதும் அடுக்குமாடியை நினைக்க வேண்டாம். செட்டிநாட்டு வீடுகள் நெருங்கியே நிற்கின்றன. காற்றும் வெளிச்சமும் முற்றம் வழியே வருகின்றன. நீங்களும் முற்றம் வைத்தால் அதைக் கூரை போட்டு மூடாதீர்கள், வீடு வெந்துவிடும். 30-க்கு 40 அடியில் 20 அடி உயர வீடு தனியாக நின்றால் 2,800 சதுர அடிச் சுவரில் வெயில் படும். 40 அடிப் பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீட்டை ஒட்டினால் 1,200தான். தெரு தொடர் கட்டடப் பகுதியில் (வீடுகளை ஒட்டியே கட்ட அனுமதி உள்ள பகுதி) வருகிறதா என்று மாநகராட்சியில் முதலில் கேளுங்கள்; இல்லையென்றால் பக்கவாட்டில் இடம் விட்டே ஆகவேண்டும்.

சிறிய மனையில் கெடுவது தண்ணீர்தான். கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். உங்கள் மனையின் மூலைக்கு மூலையே 50 அடிதான். அடுத்த வீட்டுக் கிணறு இன்னும் கிட்டே இருக்கலாம். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் இணைப்பு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கிணற்று நீரைக் குடிக்காதீர்கள். 1,000 சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழைக்கு 930 லிட்டர் கிடைக்கும். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு ஜல்லி, மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்கு அனுப்புங்கள்.

இருவருக்கும் வேலை அந்த லேஅவுட் பக்கமே என்றால் கணக்கு மாறும். அப்போதும் 'அ' பதிவேட்டையும் (ஊரின் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வாங்கிப் பார்த்து, கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் மனை வழியே ஓடுகிறதா என்று சரிபாருங்கள். ஓடினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.