ஆங்கில இலக்கணத்தின் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் (சொல் வகைகள்) எட்டும் மனப்பாடம், ஆனால் வாக்கியத்தில் எது எதுவென்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்லைத் தனியாக வைத்து வகை கேட்பதை முதலில் விடுங்கள். 'நவுன் என்றால் பெயர், வெர்ப் என்றால் செயல்' என்று மட்டும் படித்தவர்கள் 'ரவுண்ட்' போன்ற சொல்லில் மாட்டிக்கொள்வார்கள். 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் அட்ஜெக்டிவ் (நவுனின் தன்மையைச் சொல்வது), 'த செகண்ட் ரவுண்ட்' என்றால் நவுன், 'வாக் ரவுண்ட் த டெம்பிள்' என்றால் ப்ரிபோசிஷன் (நவுனுக்கு முன் நின்று இடம், நேரம் போன்ற தொடர்பைக் காட்டுவது). தமிழில் அழகு, அழகான, அழகாக என்று சொல்லின் முடிவே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு அப்படி அடையாளம் இல்லை. நிற்கும் இடத்தையும் செய்யும் வேலையையும்தான் பார்க்க வேண்டும்.

வெர்பிலிருந்து தொடங்குங்கள். வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றுங்கள். உருமாறும் சொல்தான் வெர்ப். 'ஷி வாட்டர்ஸ் த பிளான்ட்ஸ்' என்பது 'வாட்டர்ட்' ஆகிறது. அதனால் தண்ணீரைக் குறிக்கும் அதே 'வாட்டர்' இங்கே வெர்ப். 'கட்', 'புட்' போன்றவை இறந்தகாலத்திலும் மாறாது. அங்கே 'ஹி' போட்டு, நிகழ்காலத்தில் 'எஸ்' சேர்கிறதா என்று பாருங்கள். வெர்ப் கிடைத்தால், 'யார், எதை' என்று கேட்டு நவுனையும், அதற்குப் பதிலாக வரும் 'ஹி', 'ஷி' போன்ற ப்ரோநவுனையும் பிடித்துவிடலாம்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அட்ஜெக்டிவ், அட்வெர்ப் இரண்டிலும்தான். 'சூப் நன்றாக இருக்கிறது' என்று தமிழில் நினைத்து, அந்த 'ஆக'வை நம்பி, 'த சூப் டேஸ்ட்ஸ் வெல்' என்று எழுதுகிறார்கள். 'டேஸ்ட்ஸ் குட்' என்பதே சரி. சூப் இங்கே எந்தச் செயலும் செய்யவில்லை. அதன் தன்மையைத்தான் சொல்கிறோம். எனவே வெர்பை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'த சூப் இஸ் குட்' என்று பொருள் ஏறக்குறைய அப்படியே நின்றால் அட்ஜெக்டிவ்தான் வரும். 'ஷி லுக்ஸ் ஹேப்பி' இதே வகை. 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுல்லி' என்பதில் 'இஸ்' போட்டால் பொருளே மாறிவிடும். அங்கே பாடும் விதத்தைச் சொல்ல அட்வெர்ப் வேண்டும்.

'லி' என்று முடிந்தால் அட்வெர்ப் என்ற குறுக்குவழியையும் முழுதாக நம்பாதீர்கள். 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' அட்ஜெக்டிவ்கள். 'லி' இல்லாத 'ஹார்ட்' அட்வெர்பாகவும் வரும்: 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறான். 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்கிற அளவு!

அடுத்த குழப்பம் 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'சின்ஸ்' போன்றவை. பின்னால் வருவதைப் பாருங்கள். 'பிஃபோர் லஞ்ச்' என்று நவுன் மட்டும் வந்தால் ப்ரிபோசிஷன். 'பிஃபோர் ஹி கேம்' என்று எழுவாயும் வெர்பும் சேர்ந்து வந்தால் கன்ஜங்ஷன் (இணைப்புச் சொல்). 'ஐ ஹேவ் சீன் திஸ் பிஃபோர்' என்று பின்னால் ஒன்றும் இல்லாமல் முடிந்தால் அட்வெர்ப்.

இன்டர்ஜெக்ஷனுக்கு (உணர்ச்சியைக் காட்டும் சொல்) நேரம் செலவிட வேண்டாம். 'ஓ', 'வாவ்' பார்த்ததும் தெரியும். 'எ', 'த', 'மை', 'திஸ்' ஆகியவற்றைப் பழைய பள்ளி இலக்கணம் அட்ஜெக்டிவில் சேர்க்கும். இன்றைய இலக்கண நூல்கள் பலவும் டிட்டர்மினர் என்று தனியாக வைக்கும். தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூல் சொல்வதையே எழுதுங்கள்.

பயிற்சிக்கு ஆங்கில நாளிதழில் ஒரு பத்தி போதும். முதல் சுற்றில் வெர்புக்கு மட்டும் அடிக்கோடு, அடுத்ததில் நவுன், பிறகு மற்றவை. சந்தேகம் வந்தால் அகராதியைத் திறங்கள். 'ஃபாஸ்ட்' என்று தேடினால் அட்ஜெக்டிவ், அட்வெர்ப், வெர்ப், நவுன் நான்கும் இருக்கும். முதலில் கண்ணில் படுவதை எடுக்காமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் உங்கள் வாக்கியத்தைப் போல எது அமைந்திருக்கிறது என்று ஒப்பிட்டு எடுங்கள்.