நுகர்வோர் கேள்வி பதில்: கம்மலை அடகு வைத்து வாங்கிய ‘கோர்ஸ்’

இணையத்தில் சுலபமாகச் சம்பாதிக்கலாம் என்று சொல்லி விற்கப்படும் வகுப்புகளைப் பற்றி மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் மூன்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் நான். ‘வீட்டிலிருந்தே மாதம் 50,000’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, 99 ரூபாய் கட்டி ஒரு ஜூம் கூட்டத்தில் சேர்ந்தேன். மறுநாள் மாலைக்குள் சேருகிறவர்களுக்கு மட்டும்தான் சலுகை என்றார்கள். கம்மலை அடகு வைத்து 24,999 ரூபாய் அனுப்பினேன். பிடிக்காவிட்டால் ஏழு நாளில் பணம் வாபஸ் என்று விளம்பரத்தில் இருந்தது. உள்ளே இருந்தவை 22 வீடியோக்கள். எப்படி விற்பது என்று அவை சொல்லிக் கொடுத்தன. விற்க வேண்டிய பொருளோ அதே கோர்ஸ்தான். நான்காம் நாளே பணத்தைக் கேட்டேன். ஐந்து வீடியோவுக்கு மேல் பார்த்துவிட்டதால் விதிப்படி கிடையாது என்று சொல்லி, வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கிறதாம். அடகுச் சீட்டை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நான் எங்கே போய்க் கேட்பது?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, நீங்கள் வெளியூர் எங்கும் போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவருடைய அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆகவே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே உங்கள் புகாரை விசாரிக்கும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் அடங்குவதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம், மனுவை இணையத்தின் வழியாகவும் கொடுக்கலாம். கெடு இரண்டு ஆண்டுகள். வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் எனக்கு எழுதிய கடிதங்களும் உண்டு. உங்களுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரசீது என்று அவர்கள் அனுப்பியதில் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பணமோ நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல், 9,999 ரூபாயும் 15,000 ரூபாயுமாக இரண்டு தனிநபர்களின் யூபிஐ முகவரிகளுக்குப் போயிருக்கிறது. ஐந்து வீடியோ என்ற நிபந்தனை விளம்பரத்திலும் இல்லை, ரசீதிலும் இல்லை. பணம் கட்டியபின் உள்ளே நுழைந்தவருக்கு மட்டும் தெரியும் பக்கத்தில், அடியில், சிறிய எழுத்தில் இருக்கிறது. பணம் வாங்கும்வரை காட்டாத நிபந்தனையைப் பணம் வாங்கியபின் காட்டுவது நேர்மையான வியாபாரம் ஆகாது. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளும், ரசீதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் சொல்கிறது. நான்காம் நாள் நீங்கள் அனுப்பிய ‘எனக்கு வேண்டாம், பணத்தைத் தாருங்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் வழக்கின் உயிர்.

அந்தச் செய்தியைக் காப்பாற்றுங்கள். அவர்களுடன் நடந்த உரையாடல் முழுவதையும் வாட்ஸ்அப்பின் ‘எக்ஸ்போர்ட்’ வசதியால் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைப்பதோடு, வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்காமலும் அழித்துச் சுத்தம் செய்யாமலும் இருங்கள். இரண்டு யூபிஐ பரிவர்த்தனைகளுக்கும் உரிய 12 இலக்க எண்களைக் குறித்துக்கொண்டு, வங்கியிலிருந்து கணக்கு அறிக்கையும் வாங்கிவிடுங்கள். அடுத்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு ஒரு கடிதம் மின்னஞ்சலில் போக வேண்டும். இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வும் சொல்ல வேண்டும். அப்படி ஓர் அலுவலரையே அவர்கள் நியமிக்கவில்லை என்றால், அதையும் மனுவில் குற்றச்சாட்டாக எழுதுங்கள். இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யலாம். அந்த அழைப்பின் பேரிலேயே பணம் திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டால் ஆணையத்துக்குப் போங்கள்.

மனு எழுதும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். நீங்கள் வியாபார நோக்கத்தோடு வாங்கியவர், நுகர்வோர் அல்லர் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதிடும். தையல்தான் உங்கள் பிழைப்பு என்பதையும், குடும்பச் செலவுக்குக் கூடுதலாக ஒரு கைத்தொழில் கற்கவே பணம் கட்டினீர்கள் என்பதையும் முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

பணம் தனிநபர் கணக்குகளுக்குப் போயிருப்பதால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்குவது எளிது; உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது என்றாலும், அதே கணக்குகளைப் பற்றி வேறு ஊர்களிலிருந்து புகார்கள் வந்திருந்தால் அவற்றோடு உங்களுடையதும் சேரும். காவல் துறையில் புகார் கொடுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

அந்த அடகுச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து இரண்டு நகல் எடுங்கள். கட்டிய 24,999 ரூபாயோடு, அடகுக் கடையில் இதுவரை கட்டிய வட்டியையும் இழப்பீடாகக் கேட்பதற்கு அதுதான் ஆவணம். ஆணையத்திலிருந்து தபால் வந்தால் வீட்டு முகவரிக்குத்தான் வரும். அதற்கு முன்பாக வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்வதற்குத் துணை வேண்டுமானால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து வேலைக்கு உதவி தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக உதவுவார்கள். தொலைபேசி எண் 15100.

கேள்வி: இதேபோன்ற ஒரு கோர்ஸில் 15,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் ஆள் சேர்க்க வேண்டும் என்றார்கள். என் மச்சினனையும் பக்கத்து வீட்டு அண்ணனையும் சேர்த்துவிட்டேன். ஆளுக்கு 6,000 ரூபாய் கமிஷன் வந்தது. இப்போது இருவரும் என்னைத்தான் கேட்கிறார்கள். இன்னும் ஒருவரைச் சேர்த்தால் என் கணக்கு நேராகிவிடும் என்கிறது நிறுவனம்.
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: தயவுசெய்து அந்த மூன்றாவது ஆளைச் சேர்க்காதீர்கள், தம்பி. 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம், ஆள் சேர்வதைப் பொறுத்து விரைவாகவோ எளிதாகவோ பணம் தருவதாகச் சொல்லும் திட்டங்களைக் குற்றமாக்கியிருக்கிறது. நடத்துகிறவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அத்தகைய திட்டத்தில் உறுப்பினராகச் சேர்வதையும் பங்கெடுப்பதையும் அது தடை செய்கிறது, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. நேரடி விற்பனை பற்றிய 2021-ஆம் ஆண்டு விதிகளும், இப்படி ஆள் மேல் ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. நடுவில் ஒரு கோர்ஸ் இருப்பதால் இது தப்பிவிடும் என்று நினைப்பதற்கில்லை. ஆள் சேராவிட்டால் வருமானம் உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் விடை உங்களுக்கே தெரியும்.

உங்களுக்கு வந்த 12,000 ரூபாய் அந்த இருவர் கட்டிய பணத்திலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டதுதான். அதை அவரவருக்கு 6,000 ரூபாய் வீதம் வங்கி வழியாகவே திருப்பி அனுப்புங்கள். கையில் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. உங்கள் ஊரில் மொய் நோட்டில் யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று பிசகில்லாமல் எழுதிவைப்பார்களே, அதே ஒழுங்கோடு நீங்கள் கட்டியது, வந்தது, திருப்பியது எல்லாவற்றையும் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். இது உங்களுக்கு நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், அறியாமல் சேர்ந்தவர் நீங்கள், தெரிந்ததும் நிறுத்திவிட்டீர்கள் என்று நாளைக்குக் காட்டக்கூடியது இது ஒன்றுதான். காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் முழுவதையும் மறைக்காமல் சொல்லி ஆலோசனை பெறுங்கள். அதன்பின் மூவரும் சேர்ந்தே புகார் கொடுப்பது நல்லது. மச்சினனிடம் கோபத்துக்குக் கோபம் பேச வேண்டாம். அவர் உங்களை நம்பித்தான் கட்டினார்.

கேள்வி: கோர்ஸில் 40,000 ரூபாய் இழந்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினேன். மறுநாளே ஒருவர் பேசினார். சைபர் பிரிவில் ஆள் இருக்கிறது, 3,500 ரூபாய் கட்டினால் முழுப் பணமும் வரும் என்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகர், அவனியாபுரம்

பதில்: நம்பாதீர்கள், கட்டவும் கட்டாதீர்கள். 1930-இல் புகார் கொடுப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பணத்தை மீட்டுத் தருவதற்குக் காவல் துறை முன்பணம் கேட்பதும் இல்லை. ஏற்கெனவே ஏமாந்தவர்களைத் தேடிப் பிடித்து இரண்டாம் முறை ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இவர்கள். உங்கள் பதிவில் தொலைபேசி எண்ணும் இழந்த தொகையும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த ஆள் பேசிய எண்ணையும், பணம் அனுப்பச் சொன்ன யூபிஐ முகவரியையும் தேதி, நேரத்தோடு குறித்து, 40,000 ரூபாய் பற்றிய அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.