கணினி கேள்வி–பதில்: சர்வர் நின்ற நேரத்தை எழுதி வைக்கும் நிரல்

கேள்வி: நான் ஒரு சிறு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் இணையதளம் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் இயங்குகிறது. தளம் அவ்வப்போது திறக்கவில்லை என்று பயனர்கள் சொல்கிறார்கள். சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்களோ தங்கள் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை என்கிறார்கள். சர்வர் எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பின்னணியில் இயங்கும் ஒரு நிரலைக் கொண்டு நாங்களே பதிவு செய்ய முடியுமா?

பதில்: முடியும். நிரல் எழுதிப் பழகியவருக்கு அது பெரிய வேலையும் இல்லை. ஆனால் சர்வர் நின்றவுடன் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தால் போதும் என்பதற்கும், நாளைக்கு எதிர்த்தரப்பின் முன் வைத்துப் பேசக்கூடிய பதிவு வேண்டும் என்பதற்கும் வேறுபாடு உண்டு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது என்பதால், நிரலைத் தொடக்கத்திலிருந்தே அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

கண்காணிக்கப்படும் சர்வரிலேயே நிரலை வைக்காதீர்கள். இயந்திரம் நின்றால் நிரலும் சேர்ந்து நின்றுவிடும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அதற்கு வரும் இணைப்பு மட்டும் அறுந்துபோனால், உள்ளே இருக்கும் நிரல் எல்லாம் சரியாக இருப்பதாகவே எழுதிக்கொண்டிருக்கும். எனவே வேறொரு கணினியில், முடிந்தால் முற்றிலும் வேறான இணைய இணைப்பில், அது இயங்க வேண்டும். சர்வருக்குள் கிடைக்கும் தகவல் துணைச் சான்றாகப் பயன்படும்: லினக்ஸ் இயங்குதளத்தில் ‘லாஸ்ட் ரீபூட்’ என்ற கட்டளை, இயந்திரம் எப்போதெல்லாம் மறுபடி தொடங்கியது என்று காட்டும். வெளியிலிருந்து நீங்கள் குறித்த நேரமும் அந்த நேரமும் பொருந்தினால், பிறகு விவாதத்துக்கு அதிக இடமிருக்காது.

அடுத்து, எதைக் கேட்டுப் பார்ப்பது என்பது. பலரும் முதலில் நாடுவது, ஒரு சிறு செய்தியை அனுப்பி இயந்திரம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் ‘பிங்’. மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய இந்தச் சிறு கருவி இன்றும் பயனுள்ளதுதான். ஆனால் பிங்குக்குப் பதில் சொல்வது இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரல் (கெர்னல்). இணையதளத்தை வழங்கும் நிரல் செத்துக் கிடந்தாலும் பிங்குக்குப் பதில் வந்துகொண்டிருக்கும். மறுபுறம், பாதுகாப்புக்காகப் பிங்கைத் தடுத்து வைத்திருக்கும் சர்வர், தளம் நன்றாக ஓடும்போதும் பதில் சொல்லாது. எனவே பயனர் கேட்பதுபோலவே பக்கத்தைக் கேட்டுப் பெறுவதுதான் முறை. வந்த விடைக்குறி, ‘சரி’ என்று பொருள்படும் 200தானா என்று பார்ப்பதோடு, அந்தப் பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தரவுத்தளம் பழுதாகி, பிழைச் செய்தியையே 200 என்ற குறியுடன் அனுப்பும் தளங்கள் நிறைய உண்டு.

தோல்வி என்று மட்டும் எழுதாமல், எப்படித் தோற்றது என்பதையும் எழுத வேண்டும் என்று உங்களை வற்புறுத்துவேன். பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை என்றால் சிக்கல் அந்த மாற்றத்தைச் செய்யும் டிஎன்எஸ் அமைப்பில் இருக்கிறது. இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அதில் இயங்க வேண்டிய நிரல்தான் இல்லை என்று பொருள். எந்தப் பதிலும் வராமல் காத்திருப்பு நேரம் முடிந்துபோனால், இயந்திரமோ அதற்குச் செல்லும் பாதையோ பழுது என்று ஐயப்படலாம். 502 அல்லது 504 என்ற விடைக்குறி வந்தால் முன்னால் நிற்கும் சர்வர் நலமாக இருக்கிறது, அதற்குப் பின்னால் உள்ளது பதில் தரவில்லை அல்லது பிழையான பதில் தருகிறது. ‘இது எங்கள் பக்கக் கோளாறு இல்லை’ என்று சொல்பவரிடம் பேசும்போது இந்த வேறுபாடுதான் கைகொடுக்கும். சில சமயம் கோளாறு உண்மையிலேயே உங்கள் நிரலில்தான் என்பதையும் அதுவே காட்டிவிடும்.

காத்திருப்பு நேரத்துக்கு ஒரு வரம்பை நீங்களே வையுங்கள். லினக்ஸின் இயல்பான அமைப்பில், பதில் வராத ஓர் இணைப்பு முயற்சி கைவிடப்பட இரண்டு நிமிடத்துக்கும் மேலாகும். பைத்தான் நிரல்மொழியில் பக்கங்களைக் கேட்டுப் பெற உதவும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகமோ, நாம் சொல்லாவிட்டால் தன்னளவில் எந்த வரம்பும் வைப்பதில்லை. இணைப்பை ஏற்றுக்கொண்டு பிறகு பேசாமல் இருக்கும் ஒரு சர்வர், உங்கள் நிரலை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்துவிடலாம். நிமிடத்துக்கு ஒரு சோதனை என்றால் 10 நொடி வரம்பு போதுமானது.

ஒரே ஒரு தோல்வியைக் கண்டு சர்வர் நின்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வழியில் ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால்கூட அப்படி நேரலாம். சில நொடிகள் விட்டு மேலும் இரண்டு முறை கேட்டு, அவையும் தோற்ற பிறகு உறுதிப்படுத்துங்கள். 1999இல் ஈதன் கால்ஸ்டாட் தொடங்கி, இன்று ‘நாகியோஸ்’ என்று அறியப்படும் கண்காணிப்பு மென்பொருளும், உறுதியாகாத நிலை, உறுதியான நிலை என்று இரண்டாகப் பிரித்தே செயல்படுகிறது. ஆனால் உறுதியான பிறகு, தொடக்க நேரமாக எழுத வேண்டியது முதல் தோல்வியின் நேரத்தைத்தான், மூன்றாவது தோல்வியின் நேரத்தை அன்று. சொந்தமாக எழுதப்படும் நிரல்களில் இந்த இடத்தில் எளிதாகப் பிழை நேரும்.

கால அளவைப் பற்றியும் நேர்மையாக இருக்க வேண்டும். 10:00 மணிச் சோதனை வெற்றி, 10:01 முதல் 10:07 வரை தோல்வி, 10:08க்கு மீண்டும் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் 10:00க்கும் 10:01க்கும் இடையே எந்த நொடியிலும் விழுந்திருக்கலாம். 10:07க்கும் 10:08க்கும் இடையே எந்த நொடியிலும் எழுந்திருக்கலாம். ஆகவே நின்ற நேரம் குறைந்தது 6 நிமிடம், அதிகபட்சம் 8 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பதிவில் வையுங்கள். ‘7 நிமிடம்’ என்று ஒரே எண்ணாகச் சொல்வது, கையில் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும். சோதனை இடைவெளியை விடக் குறுகிய தடங்கல்கள் கண்ணில் படாமலும் போகும்: 5 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் நிரலிடம், 2 நிமிடத் தடங்கல் ஒன்று சிக்குவதற்கான வாய்ப்பு 40 சதவீதம்தான்.

கேள்வி: அப்படியொரு நிரலை எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்றைய பதிவில் அதிகாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை ஒரு வரிகூட இல்லை. இதைச் சர்வர் நின்ற நேரமாகக் கணக்கிடுவதா, ஓடிய நேரமாகக் கணக்கிடுவதா?

பதில்: இரண்டுமாகவும் கணக்கிடக் கூடாது. ‘ஓடுகிறது’, ‘நின்றுவிட்டது’ என்ற இரண்டு நிலைகளோடு, ‘தெரியாது’ என்ற மூன்றாவது நிலையும் உங்கள் நிரலுக்கு வேண்டும். இந்தத் துறையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். வரி இல்லாத நேரத்தை ஓடிய நேரமாக எடுத்துக்கொள்ளும் பதிவு சர்வர்காரருக்குச் சாதகமாகப் பொய் சொல்கிறது. நின்ற நேரமாக எடுத்துக்கொள்ளும் பதிவு உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்கிறது. எதிர்த்தரப்பு இதில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற எல்லா வரிகளும் மதிப்பிழந்துவிடும்.

இந்த மூன்றாவது நிலையை நிரல் தானாகவே எழுதும்படி செய்யலாம். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும், வெற்றியோ தோல்வியோ, ‘இந்த நேரத்தில் நான் விழித்திருந்தேன்’ என்பதற்கு அடையாளமாக நேரத்தைக் கோப்பில் எழுதிவிட வேண்டும். நிரல் மறுபடி தொடங்கும்போது, செய்ய வேண்டிய முதல் வேலை அந்தக் கடைசி நேரத்தைப் படிப்பது. அதற்கும் இப்போதைக்கும் இடையே சோதனை இடைவெளியை விடக் கூடுதலான நேரம் போயிருந்தால், அந்தக் காலம் முழுவதையும் ‘தெரியாது’ என்று எழுதிவிட்டுப் பிறகே சோதனையைத் தொடர வேண்டும். மடிக்கணினி உறக்க நிலைக்குப் போய்த் திரும்பினால் நிரல் மறுபடி தொடங்காது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் இதே ஒப்பீட்டைச் செய்வது நல்லது.

இன்னொரு வகையும் உண்டு. நிரல் ஓடுகிறது, உங்கள் பக்க இணைய இணைப்பு அறுந்துவிட்டது. அப்போது உலகத்தில் உள்ள எல்லாச் சர்வர்களும் நின்றுவிட்டதாகவே அதற்குத் தோன்றும். எனவே தோல்வி வந்தவுடன், ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேறு இரண்டு முகவரிகளையும் அது தொட்டுப் பார்க்கட்டும். அவற்றில் ஒன்றாவது பதில் சொன்னால் உங்கள் சர்வரின் மீது ஐயம் கொள்ளலாம். இரண்டுமே பேசாவிட்டால் அந்த நேரமும் ‘தெரியாது’ கணக்கில்தான் சேர வேண்டும். வெவ்வேறு இணைப்புகளில் இரண்டு கணினிகளை வைத்து இதே நிரலை ஓட்டினால், ஒன்றின் ‘தெரியாது’ நேரத்தை மற்றொன்று நிரப்பும்.

மாதக் கணக்கு போடும்போது, தெரியாத நேரத்தை மொத்த நேரத்திலிருந்து கழித்துவிட்டு மீதியில் சதவீதம் காணுங்கள். கழித்தது எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: டெர்மினலை மூடியவுடன் என் நிரலும் நின்றுவிடுகிறது. ‘நோஹப்’ போட்டு ஓட்டினால் போதுமா?

பதில்: டெர்மினல் மூடப்படும்போது அதிலிருந்து தொடங்கிய நிரல்களுக்கு ஒரு ‘ஹேங்கப்’ சமிக்ஞை போகிறது, அதைப் பொருட்படுத்தாமல் இருக்கச் செய்வதுதான் நோஹப். ஆனால் நிரல் பிழையால் விழுந்தாலோ, கணினி மறுபடி தொடங்கினாலோ, அதை எழுப்ப ஆள் இல்லை. இப்போதைய பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் உள்ள, பின்னணி நிரல்களைத் தொடங்கி மேற்பார்க்கும் ‘சிஸ்டம்-டி’யிடம் அதை ஒரு சேவையாகப் பதிவு செய்து, கணினியோடு சேர்ந்து தொடங்கவும், எந்தக் காரணத்தால் நின்றாலும் மறுபடி தொடங்கவும் சொல்லிவிடுங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இயல்பான அமைப்பில், விழுந்த சேவையைச் சிஸ்டம்-டி நொடியின் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் எழுப்பப் பார்க்கும். 10 நொடிக்குள் 5 முறை எழுப்பியும் விழுந்தால், அதன் பிறகு கைவிட்டுவிடும். ஒரு சிறு தடங்கலின்போது இந்த ஐந்து முறையும் ஒரு நொடிக்குள் தீர்ந்துபோய், நாள் முழுவதும் கண்காணிப்பே இல்லாமல் போகலாம். மறுதொடக்க இடைவெளியை 10 நொடி என்று மாற்றினால் இந்தச் சிக்கல் வராது. நிரல் விழாமல் அப்படியே உறைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். குறித்த காலத்துக்குள் நிரலிடமிருந்து அறிவிப்பு வராவிட்டால் அதை நிறுத்தி மறுபடி தொடங்கும் ‘வாட்ச்டாக்’ வசதியும் அதிலேயே இருக்கிறது. விண்டோஸில் இதை ஒரு ‘சர்வீஸ்’ ஆக அமைக்கலாம்.

குறித்த நேரங்களில் நிரல்களை ஓட்டும் ‘கிரான்’ மூலம் நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டுவதும் தவறில்லை. ஒரு சோதனை முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடாமல் பூட்டுக் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதிவில் உள்ளூர் நேரத்தை எழுதலாமா?

பதில்: உலகம் முழுவதற்கும் பொதுவான யுடிசி நேரத்தை எழுதுங்கள்; காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றிக்கொள்ளலாம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாடுகளில், ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் இருமுறை வரும்; அந்த நேரத்து வரிகளை உள்ளூர் நேரத்தை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது. கணினியின் கடிகாரம், இணையம் வழியே சரியான நேரத்தைப் பெறும் என்டிபி மூலம் சரிசெய்யப்பட்டுக்கொண்டிருக்கட்டும். அப்படிச் சரிசெய்யும்போது கடிகாரம் முன்னோ பின்னோ தாவக்கூடும் என்பதால், பதில் வர எவ்வளவு நேரமானது என்பதை அளக்க, பின்னோக்கிச் செல்லாத ‘மோனோடோனிக்’ கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒவ்வொரு நிமிடமும் எழுதினால் கோப்பு மிகப் பெரிதாகிவிடாதா? நிலை மாறும்போது மட்டும் எழுதினால் என்ன?

பதில்: நாளுக்கு 1,440 வரிகள், ஆண்டுக்கு 5,25,600 வரிகள். வரிக்கு 100 பைட் என்றாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 எம்பிதான். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். நிலை மாற்றங்களை அவற்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டு எடுக்கலாம், ஆனால் மாற்றங்களை மட்டும் வைத்திருந்தால் மூல வரிகளை மீட்க வழியில்லை. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதினால், மின்சாரம் போகும் நேரத்தில் வரி பாதியில் அறுந்து நிற்கும் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது.

கேள்வி: ஒப்பந்தத்தில் ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்று இருக்கிறது. இதில் எவ்வளவு நேரம் நிற்க இடமுண்டு?

பதில்: 30 நாள் கொண்ட மாதத்தில் 43 நிமிடம் 12 நொடி, ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் 36 நொடி. கணக்கு மாதத்துக்கா ஆண்டுக்கா என்பதை முதலில் ஒப்பந்தத்தில் பாருங்கள். ஆண்டுக் கணக்கு என்றால், ஒரே நாளில் 8 மணி நேரம் நின்றாலும் அந்த வாக்குறுதி மீறப்படவில்லை. முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரத்தைப் பல ஒப்பந்தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அத்தகைய நேரங்களை உங்கள் பதிவில் தனிக் குறியிட்டு வையுங்கள், அழிக்க வேண்டாம். கோரிக்கை அனுப்பும்போது குறைந்தபட்ச அளவைக் கொண்டே வாதிடுங்கள்: மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 6 நிமிடம். கூடவே அந்தந்தத் தடங்கலுக்கு உரிய மூல வரிகளையும், யுடிசி நேரத்தோடும் தோல்வியின் வகையோடும், அப்படியே இணைத்து அனுப்புங்கள். அவர்கள் தங்கள் பக்கப் பதிவோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.